எழுந்து பார்க்காமல் சொன்ன பதில்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், சேலையூரில் உள்ள எங்கள் வீட்டில், முற்பகல் பத்து மணியளவில் இது நிகழ்ந்தது.

எங்கள் தெருவுக்குச் சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர் நாற்பது வயதைக் கடந்தவர். எங்களிடம் நாய் இருப்பதை அறிந்தவர். ஆகையால் சிலிண்டரைத் தோளில் சுமந்தபடி வாயிற்கதவருகே நின்று, "நாய் கட்டிகீதா சார்?" என்று கேட்ட பிறகே உள்ளே அடி வைப்பார்.

அன்றும் கேட்டார். நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். நாயை வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் குட்டைச் சங்கிலியால் கட்டிவைப்பது வழக்கம். நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்து அது தெரியாது. எழுந்து நான்கடி நடந்தால் தெரியும். நான் எழவில்லை.

"கட்டியிருக்கு, வாப்பா" என்றேன்.

என் மனைவி அதைக் குளிப்பாட்டி, உடல் உலரட்டும் என்று சற்று முன்னர் அவிழ்த்துவிட்டிருந்ததை நான் அறியேன்.

சமையலறைக்கு அந்தச் சந்தின் வழியாகத்தான் செல்லவேண்டும். அவர் பாதி தூரம் நடந்திருப்பார். நாய் பின்னாலிருந்து பாய்ந்து அவருடைய கெண்டைக்காலைக் கவ்வியது. அலறல் கேட்டு ஓடினேன். எனக்கு முன்பே வந்துவிட்ட என் மனைவி, அவர் காலடியில் மண்டியிட்டு நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவரோ இரு கைகளாலும் சிலிண்டரைப் பற்றியபடி அசையாமல் நின்றார். கால்சட்டை நனைந்து ரத்தம் செருப்பில் இறங்கியது. நாங்கள் இருவருமாக நாயை விலக்கிய பிறகுதான் சிலிண்டரை மெதுவாகத் தரையில் இறக்கினார். பிறகு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவமனைக்கு ஆட்டோவில் செல்லும்போது, "அதைக் கீழே போட்டுட்டு ஓடியிருக்கலாமேப்பா" என்றேன்.

"எங்க போடறது சார்? கீழ அம்மா குந்திகினு கீறாங்க" என்றார். பிறகு, "நீங்க கட்டிகீதுன்னு சொன்னீங்க. அதான் திரும்பிக்கூட பாக்கல" என்றார்.

பதினொரு தையல்கள். தடுப்பூசிகள் தவறாமல் போடப்பட்டன. ஆயினும் புண் சீழ்பிடித்து இரண்டு மாதங்கள் அவரைப் படுக்கவைத்தது. திரும்பி வந்தபோது ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். நிறைந்த சிலிண்டரைத் தோளில் ஏற்ற இப்போது அவரால் இயலவில்லை. தரையில் உருட்டித்தான் கொண்டுவருகிறார்.

என்னிடம் அவர் இப்போது எதுவும் கேட்பதில்லை. சிலிண்டரை வாயிலில் நிறுத்திவிட்டு, தாமே சந்துக்குள் எட்டிப் பார்த்து, நாய் சங்கிலியில் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகே கதவைத் திறக்கிறார். என் மனைவியின் மேல் பாரம் விழாமல் காத்து நின்ற அந்த மனிதருக்கு என் சொல் இனி எதற்கும் உதவாது என்பதை, அவர் எட்டிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்று ஏற்றுக்கொள்கிறேன்.