குருணை என்று நான் கொட்டிய விதைகள்

விதை உரிக்க வந்த மூன்றாம் வாரமே என் வேலைக்கு நானே உலை வைத்துக்கொண்டேன். பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டிக்கொண்டிருந்த எனக்கு, துரை பங்களாவின் பின்னறையில் காட்டு விதை உரிக்கும் வேலை கிடைத்திருந்தது. வெயில் இல்லை, அட்டைக்கடி இல்லை. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் பொறாமையில் வெந்தார்கள்.

காட்டோரத்தில் ஒரே இனத்துக் கொடிகள் பத்துக்குத் துரை எண் போட்டிருந்தார். ஒவ்வொரு கொடியின் நெற்றையும் தனியாக உரித்து டப்பாவில் போடவேண்டும். அவர் குட்டித் தராசில் விதைகளை ஒவ்வொன்றாக நிறுத்து எழுதுவார். எதற்கென்று நான் கேட்கவில்லை. அரிசி கொழித்த கை சும்மா இருக்குமா? முறத்தில் கொழித்து, பொடிசுகளைக் குருணை என்று வாசலில் கொட்டினேன். கோழிகள் மிச்சம் வைக்கவில்லை.

ஒருநாள் தோட்டத்துக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் டப்பாக்களைப் பார்த்து மெச்சினார்.

"ஒரு கொடியில விதையெல்லாம் ஒரே அளவோ, வேற வேறயோ எண்டுதான் துரை பாக்கிறார். எல்லாம் ஒரே அளவு! விடை கிடைச்சிட்டுது பிள்ளை."

நான் முறத்தைக் கீழே வைத்தேன். "பொடிசையெல்லாம் நான் கொட்டிட்டேனுங்க ஐயா."

"ஐயோ, என்ன வேலை செய்து போட்டாய்! வாயைத் திறவாதே. திரும்பப் புல்லு வெட்ட அனுப்பிப்போடுவார்."

எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் படித்த மனிதர் பொய்யை எழுதிக்கொண்டிருக்கிறாரே, அதுவும் என்னால்! நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

துரைக்குத் தோட்டத் தமிழ் வரும். முகம் சிவந்தது. "எவ்வளவு கொட்டினே?"

"தெரியாதுங்க தொரை."

எழுதிய தாள்களையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு உரிக்காத நெற்று ஒன்றை என்னிடம் நீட்டினார். எட்டு விதைகள். வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தேன். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நடுவில் இருந்தது துவரை அளவு. ஓரத்தில் இருந்தது பச்சைப்பயறு அளவு. ஒரே தாய், ஒரே வயிறு! எனக்கு உடம்பு சிலிர்த்தது. துரை கோபத்தை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் கொடியில் இருந்த நெற்றெல்லாம் வெயிலில் வெடித்துச் சிதறியிருந்தது. அவர் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. என்னை ஏனோ அனுப்பவில்லை. அடுத்த பருவத்தில் ஒன்றுகூடச் சிந்தாமல் உரித்தேன். ஏழாம் கொடியின் பெரிய விதை, இரண்டாம் கொடியின் பொடிசைவிடச் சின்னதாக இருந்தது. இரண்டு கொடியும் ஒரே மண்ணில் பத்தடி தள்ளி வளர்ந்தவைதான். பொடிசுகளையும் ஊன்றிப் பார்த்தோம். அவையும் முளைத்தன!

இப்போது இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்கிறேன்: கை தவறினால் அன்றே சொல்லிவிடுங்கள். நான் சொன்னதால் ஒரு வருஷம்தான் போனது. சொல்லாமல் இருந்திருந்தால், என் பொய்யை அந்த மனிதர் சாகும்வரை உண்மை என்று நம்பியிருப்பார்.