நன்றி சொல்லக் கூடாத செடி

அந்தத் தோட்டக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்த சட்டமில்லை. அதனாலேயே யாரும் மீறுவதில்லை. ஒருவர் கொடுத்த செடிக்கோ, நடுவதற்கு வெட்டித் தந்த குச்சிக்கோ நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் பட்டுப்போகும். வாங்குகிறவர் வாயைத் திறக்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வெயிலைப் பற்றி ஏதாவது பேசியபடி நகர்ந்துவிட வேண்டும். எல்லாரும் படித்தவர்கள்தான். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர்கூட ஒருவர் இருந்தார். அவரும் வாயைத் திறக்கமாட்டார்.

சிஸ்டருக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பெரிய மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நர்சாக நின்று ஓய்வு பெற்றவர். சேர்ந்த முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டார்.

"பிளேடு சுத்தமா இருக்கணும், தொட்டியில தண்ணி தேங்கக் கூடாது. செடி பொழைக்க அது போதும். நீங்க சொல்றதைக் கேட்டுச் சாக அதுக்குக் காதா இருக்கு?"

குழுவில் இருந்த பேட்டரிக்கடைக்காரர் ஒருவர் மட்டும் சிரித்தார். மற்றவர்கள், பிள்ளைகள் முன்னால் தகாத வார்த்தை பேசிவிட்டதைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூடநம்பிக்கை என்றால் யாருக்கும் கெடுதல் இல்லாத பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால், ஒவ்வொரு மூடநம்பிக்கையிலும் யாரோ ஒருவருக்கு ஆதாயம் இருக்கும். நன்றி சொல்லாத இடத்தில் கொடுத்தவர் பெயர் நிற்காது. பெயர் நிற்காத இடத்தில், பெரிய மாடி யாருக்கு இருக்கிறதோ அவர் பெயர் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

சிஸ்டருக்கு மாடி இல்லை. மூன்றாம் தளத்தில் ஓர் அறை, சமையலுக்கு ஒரு மூலை, மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் கதவை மூட முடியாத பால்கனி. அந்தப் பால்கனியில்தான் அவர் ஒரு செம்பருத்தியைப் பிறக்க வைத்தார். காலையில் ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து இன்னொரு பூவில் தடவினார். காய் முற்றி வெடிக்கக் காத்திருந்தார். பன்னிரண்டு விதை கிடைத்தது. ஒவ்வொன்றின் தோலையும் பிளேடால் கீறி ஊன்றினார். தையல் பிரிக்கிற அதே கை. முளைத்தவை ஏழு. ஒன்றரை வருடம் கழித்து, ஒன்று மட்டும் யாரும் பார்த்திராத பூவைப் பூத்தது. உள்ளங்கை அகல மஞ்சள், நடுவில் அடுப்புப் புகை படிந்த மாதிரி ஒரு சாம்பல் வட்டம்.

யாரிடமாவது காட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. ஊருக்கெல்லாம் சிஸ்டர், கதவைத் தட்டி "அக்கா" என்று கூப்பிட ஆளில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒரு குச்சியை வெட்டி எடுத்துப்போய், வங்கியில் மேலாளராக இருந்த அம்மாளிடம் கொடுத்தார். அவர் சட்டப்படி வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். இரண்டே வருடத்தில் அந்த அம்மாளின் விசாலமான மாடியில் அது புதராகி, குழுவில் பாதி வீடுகளுக்குப் போய், "மேனேஜரம்மா மஞ்சள்" ஆகிவிட்டது. குழுவின் வாட்ஸ்அப்பில் அதன் போட்டோ வரும்போதெல்லாம், "மேனேஜரம்மா கைராசியே தனி" என்று நாற்பது பேர் எழுதுவார்கள். சிஸ்டர் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பார். என் செடி என் வீட்டில் இருக்கிறது, போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வார்.

பிறகு பித்தப்பையில் கல் வந்தது. தான் வேலை பார்த்த அதே மருத்துவமனை. பதினான்கு நாள். சேர்க்கைப் படிவத்தில் 'உடனிருப்பவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எத்தனையோ பேரை அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி அதட்டியிருக்கிறார். கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். வீட்டுச் சாவி கைப்பையிலேயே இருந்தது. குழுவில் ஒரு வரி போட்டு, யாராவது வந்து தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டு, ஒருவரும் வரவில்லை என்றால்? தெரியாமல் இருப்பதே மேல் என்று பட்டது.

கடும் கோடை அது. திரும்பி வந்தபோது மற்றவை எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. செம்பருத்தி மட்டும் விறகாகியிருந்தது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். மேலே பழுப்பு. கீழே, மண்ணுக்கு அருகிலும் பழுப்பு. முப்பத்தொரு வருடம் இறப்பைப் பார்த்தவர், இதற்கு உட்கார்ந்து அழுதார்.

தன் செடி மறுபடி வேண்டுமென்றால் இனி ஒரே வழிதான். அடுத்த ஞாயிறு, தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க, மேனேஜரம்மாவின் மாடிப்படி ஏறினார்.

"என்ன சிஸ்டர், இப்படி இளைச்சிட்டீங்க? டயட்டா?"

"பித்தப்பையை எடுத்துட்டாங்க."

"அடப்பாவமே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?" என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு, "அந்த மஞ்சள்ல ஒரு குச்சி வேணும்" என்றார் சிஸ்டர்.

"அதுக்கென்ன, தாராளமா!" அம்மாள் பென்சில் தடிமனில் ஒன்றை வெட்டி நீட்டினார். "பார்த்து வளக்கணும் சிஸ்டர். இது நம்ம வெரைட்டி. எல்லார் கைக்கும் வராது."

அன்றைய கூட்டத்துக்கு வந்த இருபது பேர் மாடியில் இருந்தார்கள். சிஸ்டர் குச்சியை வாங்கி, வார்டின் கடைசிக் கட்டிலுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"ரொம்ப நன்றிங்க."

ஒருவர், "ஐயையோ" என்றார்.

"போச்சு! இப்படிப் பண்ணிட்டீங்களே?" என்றார் அம்மாள்.

"எட்டு வருஷமா குச்சி கொடுத்துட்டிருக்கேன். ஒருத்தர் வாயிலயும் அந்த வார்த்தை வரல. அது எப்படி இருக்கும்னு எனக்கே மறந்துபோச்சு. அதான் நானே சொல்லிக் கேட்டுக்கிட்டேன்."

ஏழாவது வாரம் குச்சி வேர் விட்டது. ஆறாம் மாதம் பூத்தது. சிஸ்டர் படமெடுத்துக் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: "நன்றி சொல்லி வாங்கியது. சாகவில்லை. இதன் தாய்ச்செடி என் பால்கனியில் நான் விதை போட்டு எடுத்தது. முதல் குச்சியைக் கொடுத்தது நான்."

நாற்பத்தொரு பேர் பார்த்ததாகப் போன் சொன்னது. ஒருவரும் பதில் எழுதவில்லை. அன்று மாலை மேனேஜரம்மா தன் ரோஜாவைப் போட்டார், இதயங்கள் குவிந்தன. இரண்டு நாள் சிஸ்டர் யாருடனும் பேசவில்லை. பேச யாரும் கூப்பிடவும் இல்லை. கோபம்கூட ஆள் இருந்தால்தான் நிற்கும். தனி வீட்டில் அது சீக்கிரம் ஆறிப்போய், வெறும் சோர்வாகிவிடுகிறது.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. பேட்டரிக்கடைக்காரர்.

"சிஸ்டர், எங்க கடை வாசல்ல இருக்கறதும் உங்களுதா?"

"மஞ்சள்னா என்னுதுதான்."

"எனக்குத் தெரியாதுங்க." குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்தை சொல்லணும்னுதான் கூப்பிட்டேன். ஆனா சிஸ்டர்... இப்பதான் நல்லா மொட்டு விட்டிருக்கு. எதுக்கு வம்புன்னு..."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அறைக்குப் பழக்கமில்லாத சத்தம்.

"யோவ், உம்மைத் திருத்த முடியாது. சரி, சொல்ல வேணாம். எத்தனை மொட்டு இருக்குன்னாவது சொல்லும்."

"இருங்க, எண்ணிப் பார்க்கிறேன்."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனில் தெருவின் இரைச்சலும், யாரோ வாடிக்கையாளர் கூப்பிடுவதும் கேட்டன. "கொஞ்சம் இருப்பா, முக்கியமான வேலையில இருக்கேன்" என்று அவரை அதட்டிவிட்டு, பேட்டரிக்கடைக்காரர் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

"மெதுவாவே எண்ணுங்க" என்றார் சிஸ்டர்.