கிரேஸுக்கு இரண்டு தழும்பு

உபதேசியார் எலியேசர் தம் வாழ்நாளில் செய்த பெரிய மடத்தனம், சர்க்கார் ஆளை நம்பி ஒரு ஏட்டை இரவல் கொடுத்தது. மற்றபடி நல்ல மனிதர். ராதாபுரத்துக்குத் தெற்கே, செம்மணலும் பனையுமாகக் கிடந்த விசுவாசபுரத்தில் கோயில் மணி அடிப்பதும், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பவர்கள் தூங்கிவிழும்வரை பிரசங்கம் செய்வதும் அவர் வேலை. பொய் சொல்ல மாட்டார். சொல்கிறவனைச் சும்மா விடவும் மாட்டார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைச் சொல்லித்தான் பிள்ளையைக் கூப்பிட வேண்டும். ஊரிலோ ஒவ்வொரு பிள்ளைக்கும் கோயிலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். கோயிலில் சாமுவேல், வீட்டில் சுடலை. கோயிலில் ரூத், வீட்டில் இசக்கி. "பழைய சாமிய வாசல் வழியா அனுப்பிட்டு, புறவாசல் வழியா கூப்பிடுதியளோ?" என்று இருபது வருஷம் சண்டை போட்டார். ஊர் தலையை ஆட்டும். அவர் முதுகைத் திருப்பியதும் "ஏலே சுடலே" என்று கத்தும்.

1909ஆம் வருஷம் பங்குனியில் அம்மை குத்துகிற கைலாசம் வந்து சேர்ந்தார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கையைக் கீறி அம்மைப்பால் வைப்பதும், எட்டாம் நாள் திரும்பி வந்து தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஏட்டில் எழுதுவதும்தான் அவருக்குச் சர்க்கார் கொடுத்திருந்த வேலை. அன்றைக்கு வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. கைலாசம் கோயில் நிழலில் உட்கார்ந்து இரண்டு ஓலைப்பட்டை பதநீர் குடித்தார்.

"உபதேசியாரே, பிள்ளையளோட பேரு, வயசு எல்லாம் உம்ம ஞானஸ்நான ஏட்டுல இருக்கும்லா? அதக் குடும். இன்னைக்கு எழுதிக்கிடுதேன், நாளைக்கு வந்து குத்துதேன்" என்றார்.

எலியேசர் கொடுத்தார். கைலாசம் சாயங்காலம்வரை அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு ஏட்டைத் திருப்பிக் கொடுத்துப் போனார். அவர் சொன்ன அந்த 'நாளைக்கு' இரண்டு வருஷமாகியும் விடியவில்லை. அதற்குள் தாலுகாவிலேயே அதிகப் பிள்ளைகளுக்கு அம்மை குத்தியவர் என்று அவருக்கு நற்சாட்சிப் பத்திரம் கிடைத்தது. அவரை மேற்பார்த்த பாளையங்கோட்டை தேவசிகாமணிக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யார் சொன்னது? இவர்கள் இரண்டு பேரும் அதைச் சமைத்துத் தின்று ஏப்பமும் விட்டார்கள்.

1911இல் பக்கத்து ஊரில் பெரியம்மை வந்தது. ஒரே வாரத்தில் நாலு பிள்ளைகள் போய்விட்டன. விசுவாசபுரத்தில் ஒரு பிள்ளை கையிலும் தழும்பு கிடையாது. எலியேசரின் மகன் பாக்கியசீலனுக்கு அப்போது மூன்று வயது. அவர் ஓடிப்போய்க் கைலாசத்தைப் பிடித்தார்.

"உம்ம ஊருல எல்லாத்துக்கும் குத்தியாச்சே வே" என்று கைலாசம் ஏட்டை விரித்தார். "முப்பத்திரண்டு பிள்ளை, அம்புட்டுக்கும் தழும்பு விழுந்தாச்சு. குத்தின பிள்ளைக்கு இப்பம் மறுபடி அம்மைப்பால் கிடையாது, அது சட்டம். இந்தா, உம்ம மக பேரே இருக்கு பாரும். கிரேஸ், நாலு வயசு, இரண்டு தழும்பு."

கிரேஸ் அந்த ஏடு எழுதப்படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1907இல், வயிற்றுப்போக்கில் இறந்துபோனவள். கோயிலுக்குப் பின்னால் அவளுக்குக் குழி வெட்டியவரே எலியேசர்தான். ஞானஸ்நான ஏடு பிறந்தவர்களைத்தான் சொல்லும். செத்தவர்களுக்கு அடக்க ஏடு என்று வேறொன்று உண்டு. கைலாசம் அதைக் கேட்கவுமில்லை, இவருக்குக் கொடுக்கத் தோன்றவுமில்லை.

எலியேசர் மேலதிகாரிக்கு மனு எழுதினார். அது தேவசிகாமணியிடம் போயிற்று. "விசாரித்து அறிக்கை அனுப்பவும்" என்று அவர் அதன்மேல் எழுதி அனுப்பினார். யாருக்கு? கைலாசத்துக்குத்தான். கைலாசம் தம்மைத் தாமே தீர விசாரித்து, தம்மேல் குற்றமில்லை என்று கண்டுபிடித்து, மனுதாரர் கலகக்காரர் என்றும் சேர்த்து எழுதினார். கோழி களவுபோன வழக்கில் நரி சாட்சிக்கு வந்தாலும் பரவாயில்லை, இங்கே நரியே நீதிபதி.

எலியேசர் அடக்க ஏட்டைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாங்குநேரி வழியாக இரண்டு நாள் நடந்து பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தார். தேவசிகாமணி கோயிலில் முன்பெஞ்சுக்காரர். ஜெபத்தில் கண்ணை எல்லாரையும்விட இறுக்கமாக மூடுகிறவர். அடக்க ஏட்டைப் பார்த்தார், மூடினார், சிரித்தார்.

"உபதேசியாரே, சர்க்கார் ஏடு ரெண்டு கையெழுத்து விழுந்த ஏடு. அதுல தப்பு வராது. உம்ம ஏட்டுலதான் வருஷம் பிசகியிருக்கும். ஏழுங்கிறதப் பத்துன்னு திருத்திக் கொண்டாரும். உம்ம ஊருக்குத் தனியா அம்மைப்பாலுக்கு நான் வழி பண்ணுதேன்."

"ஐயா, எம்பிள்ளையப் புதைச்ச நாளு எனக்குத் தெரியாதா?"

"உமக்குத் தெரியும் வே. ஏட்டுக்குத் தெரியணும்லா?"

சர்க்காரின் மானத்தைக் காப்பாற்ற ஒரு செத்த குழந்தை இன்னும் மூன்று வருஷம் உயிரோடு இருக்க வேண்டுமாம்! எலியேசருக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட வேண்டும்போல இருந்தது. எழுதிக் கொடுத்தால் முப்பத்தொரு பிள்ளைகள் பிழைக்கும். ஆனால் எழுதிய கை மறுபடி வேதப்புத்தகத்தைத் தொட வேண்டுமே. ஏட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வண்ணாரப்பேட்டை ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தார். தாமிரபரணியில் ஒரு பயல் நெடுநேரமாக முங்கிக் கிடந்தான். "ஏலே சுடலே, கரையேறுலே!" என்று அவன் தாய் கத்தினாள். எலியேசர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். இருபது வருஷமாக அவரை எரிச்சல்படுத்திய பெயர் அன்றைக்குத்தான் அவர் காதுக்கு இனித்தது.

ஊருக்கு வந்ததும் மனைவி சாலோமியைக் கூப்பிட்டார்.

"நம்ம பயலுக்கு வீட்டுப் பேரு என்ன?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லயே" என்றாள் சாலோமி.

"கோவிக்க மாட்டேன், சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பேச்சிமுத்து" என்றாள்.

உபதேசியார் வீட்டிலேயே பேச்சியம்மன்! அவர் கோபிக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வீட்டுப் பெயரைக் கேட்டு எழுதினார். சுடலை, இசக்கி, மாடத்தி, பலவேசம், பேச்சிமுத்து என்று முப்பத்தொன்று. "இந்தப் பெயருள்ள பிள்ளைகள் விசுவாசபுரத்தில் இருக்கிறார்கள். இவர்கள் பெயர் சர்க்கார் ஏட்டில் இல்லை" என்று மனு போட்டார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது.

முப்பத்தொரு புதுத் தழும்பு என்றதும் தேவசிகாமணிக்கு வாயில் எச்சில் ஊறியிருக்க வேண்டும். ஒரே வாரத்தில் கைலாசம் அம்மைப்பாலோடு வந்து நின்றார். எலியேசர் கோயில் வாசலில் நின்று, பிரசங்கக் குரலில் "சுடலை! இசக்கி!" என்று கூப்பிட, தாய்மார்கள் சிரிப்பை மறைக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். கைலாசத்துக்கு ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர் அந்தப் பிள்ளைகளை அதற்குமுன் பார்த்ததே இல்லையே.

"ரெண்டு வருஷத்துல முப்பத்தொரு பிள்ளை கூடியிருக்கே வே! நல்ல செழிப்புதான்" என்றார் கைலாசம்.

"எல்லாம் சர்க்கார் புண்ணியம்" என்றார் எலியேசர்.

எட்டாம் நாள் எல்லாக் கையிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. அந்த வருஷம் விசுவாசபுரத்தில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. கொப்புளம் எழும்பிய அன்றைக்கு மகனின் கையைத் தடவிக்கொண்டிருந்த சாலோமி, "கிரேஸ் பேர அந்த ஏட்டுல இருந்து எடுத்துட்டாகளா?" என்று கேட்டாள். எலியேசர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

கைலாசம் மாற்றலாகிப் போனார். தேவசிகாமணி இன்னும் ஒரு படி ஏறினார். 1915இல் அம்மை குத்த ஒரு புது ஆள் வந்தார். அதே பழைய ஏட்டை விரித்து, பத்து வயதான பிள்ளைகளுக்கு மறு அம்மை குத்த வேண்டும் என்று பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். "கிரேஸ், எலியேசர் மகள். பிள்ளையக் கூப்பிடும் உபதேசியாரே."

எலியேசர் அவரைக் கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், மணலில் நட்டிருந்த சின்னச் சிலுவைக்கு முன்னால் நிறுத்தினார்.

"எம்மக இங்கனதான் இருக்கா. கைய நீட்டச் சொல்லும் வே."

அந்த மனிதர் சிலுவையில் எழுதியிருந்த பெயரையும் வருஷத்தையும் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு, கிரேஸ் பெயருக்கு நேரே எழுதினார்: "ஆள் ஊரில் இல்லை."