பாதியில் நின்ற பேச்சு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த அம்மா வாயால்தான் பிழைத்தார். ஊரூர் குப்பத்திலிருந்து மீன்கூடையோடு கிளம்பினால், பெசன்ட் நகரில் மூன்றாவது மாடிவரை குரல் கேட்குமாம். அந்தக் குரல்வளையில்தான் புற்று வந்தது. நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவமனையில் அதை முழுசாக எடுத்துவிட முடிவானது. உயிர் பிழைக்கும், பேச்சு போய்விடும்.

முந்தின நாள் வார்டில் அவர் கணவர் செல்போனை நீட்டி, ஏதாவது பேசு, பதிவு பண்ணிக்கிறேன் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் என்ன சாகவா போகிறேன் என்று அந்த அம்மா விரட்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அவரை முதலில் மயக்கிவிட்டு அப்புறம் மூச்சுக்குழாய் போட முடியாது. கதிர் சிகிச்சையில் கழுத்து இறுகிப்போய், வாய் ஒரு விரலளவுக்குத்தான் திறந்தது. மயங்கிய பிறகு மூச்சு அடைத்துக்கொண்டால் போச்சு. அதனால் விழித்திருக்கும்போதே மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போக வைத்து, கேமராவில் பார்த்தபடி குழாயை மெல்ல இறக்கவேண்டும். அப்போது நோயாளியைப் பேசிக்கொண்டே இருக்கச் சொல்வது என் வழக்கம். குழாய் குரல்நாண்களைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிடும். எங்களுக்கு அதுதான் நல்ல சேதி.

என்ன பேசுவது என்று கேட்டார். மனசில் வருவதைப் பேசுங்கள் என்றேன். கரகரத்த குரலில் வஞ்சிரத்தில் ஆரம்பித்து, மருமகள் வைக்கும் குழம்பைக் கிண்டலடித்து, கடைசியில் கணவரிடம் வந்தார்.

"வெளியே நிக்குதே அந்தாளு, அதாண்ட சொல்லும்மா..."

குரல் நின்றது. உள்ளே போயாச்சு என்றேன். எல்லோருக்கும் நிம்மதி. மயக்க மருந்தை ஏற்றும்போதுதான், அதுவே அவருடைய கடைசிப் பேச்சு என்று எனக்கு உறைத்தது. அவர் கண்கள் என்னையே பார்த்தபடி மூடின. முகக்கவசத்துக்குள் அழுதேன்.

சில நாள் கழித்து வார்டுக்குப் போனேன். கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைசியாக என்ன பேசினாள் என்று கணவர் கேட்டார். பேசியதை அப்படியே சொன்னேன். மீதிக்காக என் முகத்தையே பார்த்தார். அதற்குள் குழாய் போய்விட்டது என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னா சொல்ல வந்தே?"

அந்த அம்மாவின் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. கணவருக்கும்தான்.

"சரி, சரி," என்று தலையாட்டினார். "அப்டியே செய்றேன்."