அக்கா கேட்ட பூ

மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து அக்காவுக்கு மறுபடி ரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தே மாதங்களை ஓட்டிவிட்டாள். கடைசியில் புற்றுநோய் என்று தெரிந்து சேலத்தில் கர்ப்பப்பையை எடுத்தபோது, புற்று அதோடு போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா, அக்காவின் வீட்டுக்காரரான மாமாவையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். "கர்ப்பப்பைக்குள்ளேயே நின்னிருந்தா பெரும்பாலும் ஆபரேஷனோட முடிஞ்சிருக்கும். இடுப்புக்குள்ள நெறிக்கட்டிகளுக்கும் போயிருக்கு. திரும்பி வர வாய்ப்பு அதிகம். கீமோ ஊசியும், கரண்டுன்னு சொல்ற கதிர்வீச்சும் முழுசா முடிக்கணும்."

சங்ககிரியில் லாரி ஓட்டும் மாமாவுக்குத் தெரிந்த நெறி ஒன்றுதான். "கால்ல முள்ளுக் குத்துனா தொடையிடுக்குல நெறி கட்டுமுங்க. முள்ளை எடுத்துட்டா தானா வத்திருமுங்களே?"

"இது அந்த நெறி இல்லீங்க. முள்ளே அங்க போயிருச்சு."

ஊரையே அதட்டிப் பேசும் மனிதர், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சட்டைப்பையில் தேடினார். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது.

அக்காவிடம் பாதிதான் சொன்னோம். கீமோ ஏற ஏற முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். ஒருநாள், "குலசாமிகிட்டப் பூக் கேக்கோணும், கூட்டிட்டுப் போங்க" என்றாள். எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, சாமியைக் கேட்காமல் நடக்காது. வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைப்போம். மனதுக்குள் கேட்டுவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி என்கிறது, சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறது.

பிழைப்பேனா என்றுதான் கேட்பாள் என்று மாமா பயந்தார். வழியில் டீக்கடையில் நிறுத்தி, அக்காவை வண்டியிலேயே விட்டுவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே கட்டினார்.

"சாமிகிட்டயே திருட்டுத்தனமாங்க மாமா?"

"அவ சிரிச்சுப் பாத்து எத்தனை நாளாச்சு அம்முணி."

நானும் பொட்டலத்துக்கு நூல் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா எடுத்தது வெள்ளை. கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தாள். மாமா மற்ற பொட்டலத்தைக் கோயில் கிணற்றில் போட்டுவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது, அடுத்த ஊசிக்கு எப்போது கிளம்பலாம் என்று கேட்டேன்.

"இனி அங்க வேண்டாம் அம்முணி. மருந்தை நிறுத்திக்கட்டுமான்னுதான் கேட்டேன். சாமி உத்தரவு குடுத்திருச்சு."

மாமா வண்டியை ஓரங்கட்டி, நடந்ததை அப்படியே சொல்லி அழுதார். அக்கா நம்பவில்லை.

"என்னைய ஆசுபத்திரிக்குத் தள்ளோணும்னு சாமி மேலயே பொய் சொல்றீங்களா?"

காட்டுவதற்கு அந்தப் பொட்டலமும் எங்களிடம் இல்லை. அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவேயில்லை.

அடுத்த கோயில் பொங்கலுக்கு அக்கா இல்லை. மருந்தை முடித்திருந்தால் இருந்திருப்பாளா என்று டாக்டரம்மாவாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாமியைத் திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அன்று சாமியை நாங்கள் பேசவே விடவில்லை.