ஹஜ்ரத் மூடச் சொன்ன வால்வு

"வால்வை மூடுங்கண்ணே" என்று ஹஜ்ரத் சொன்னபோது வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. ஜும்மா தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கேளம்பாக்கத்தை ஒட்டிய அந்தப் பள்ளிவாசலில் குழாய் வேலைக்குப் போயிருந்த நான் கிறிஸ்தவன். தொழுகை நேரத்தில் தண்ணீரை நிறுத்தினால் யார் தலை உருளும் என்று தெரியாதவனல்ல. தயங்கினேன். "என் பொறுப்பு, மூடுங்க" என்றார். மூடினேன்.

அவர் அங்கே இமாமாக வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயது சின்னவர். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பி, வீட்டுக்கு வீடு ஆழ்துளைப் போர் போட்டு, பள்ளிவாசல் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. இன்னும் ஆழமாகப் போர் போடலாம் என்றார் நிர்வாகத் தலைவரான முத்தவல்லி. ஆழம் போகப் போகக் கடல்தான் உள்ளே வரும் என்று ஹஜ்ரத்திடம் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளு எடுக்கும் இடத்திலேயே அவர் உட்கார்ந்து கவனித்திருக்கிறார். குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறார்கள். பாதித் தண்ணீருக்கு மேல் யார் மேலும் படாமலே சாக்கடைக்குப் போகிறது.

காய்ந்த குழாய்களைத் திருகிப் பார்த்தவர்கள் சத்தம் போட்டார்கள். முத்தவல்லி விரைந்து வந்தார். "இன்னா ஹஜ்ரத் இது? ஜும்மா நேரத்துல தண்ணிய நிறுத்திகினு பேஜாரு பண்றீங்க?"

ஹஜ்ரத் முன்பே நிரப்பி வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு, எல்லோர் எதிரிலும் உட்கார்ந்தார். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, ஈரக்கையால் தலை, கடைசியில் பாதம். எதையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. எழுந்தபோது சொம்பில் இன்னும் கொஞ்சம் மீதமிருந்தது.

"ஓடுற ஆத்துல ஒளு எடுத்தாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு நபிகள் சொல்லிட்டாங்க. நமக்கு ஆறு எங்க கீது?" என்றார்.

ஒரு பெரியவர் வந்து அடுத்த சொம்பை எடுத்தார். அதன்பின் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் அரசாங்கச் சுவரெழுத்தைத் தினமும் தாண்டி வந்தவர்கள்தான் அவர்கள். அது எவர் கையையும் தடுத்ததில்லை. அன்று தடுத்தது, அவர்கள் ஏற்கெனவே நம்பிய ஒன்று. அதை நினைவூட்ட ஓர் ஆள் துணிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஹஜ்ரத் கேட்டுக்கொண்டதால் போர் வேலை ஒரு மழைக்காலம் தள்ளிப்போனது. "கெணறு தேறலன்னா நீங்க வேற ஊரு பாத்துக்கணும்" என்று முத்தவல்லி முகத்துக்கு நேரே சொன்னார். வீட்டில் கைக்குழந்தை இருந்தும் ஹஜ்ரத் "சரி" என்று மட்டும் சொன்னார். மொட்டை மாடி மழைநீரை மணல் தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கினோம். ஒளுத் தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் திருப்பினோம். ஆள் வராத நாட்களில் அவரே குழியில் இறங்கி வெட்டினார்.

மழை ஓய்ந்த பிறகு முத்தவல்லி கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தார். "உப்பு போவல" என்றார். இன்னொரு வாய் விட்டுப் பார்த்து, "ஆனா வாயில வைக்க முடியுது" என்றார். போர் போடவில்லை.

அந்த வாரமே எங்கள் சர்ச் ஃபாதரிடம் போனேன். "ஆதாமைத் தோட்டத்துல வச்சதே அதைக் காக்கத்தானே ஃபாதர்? நம்ம கூரைத் தண்ணி ரோட்டுல ஓடினுகீது" என்றேன். "பிரசங்கமும் நீயே பண்ணிடுவ போல" என்று சிரித்தவர், மறுநாளே ஏணி கொடுத்தார். அடுத்த ஆடிக்குள் அம்மன் கோயிலிலிருந்தும் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள்.

ஹஜ்ரத் பிறகு கருங்குழிப் பக்கம் ஒரு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். போன வாரம் அழைத்தார்.

"இங்க கெணத்தை மூடி மேல ஷெட்டு போட்டு வச்சிருக்காங்கண்ணே. தொறக்கறதுல கமிட்டில பாதிப் பேருக்கு இஷ்டமில்ல."

"மீதிப் பேரு?"

"கடப்பாரையோட நிக்கிறாங்க. எப்ப வர்றீங்க?"