நான் வெட்டிய மூச்சு

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போகிற ஆள் நான். தூத்துக்குடி துறைமுகத்தில் கண்டெய்னர் ஆபீஸ் வேலை, மில்லர்புரத்தில் வீடு, மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரும் கீபோர்டும். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், வயரை ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

எங்கள் பாட்டுக் குழுவில் மூன்றே பேர். மெட்டும் மிக்ஸிங்கும் நான். கிட்டார் செல்வம், ஆறுமுகநேரியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். பாடுவது ஆன்றோ, வேம்பாரில் சங்கு குளிக்கிறவன். மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தது வருடத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம். ஆன்லைனில் ஒரு ஃபோல்டர், அதில் நான் மெட்டைப் போடுவேன், செல்வம் கிட்டார் வாசித்துப் போடுவான், ஆன்றோ கடலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, காக்கா சத்தம் விழக்கூடாது என்று தலையோடு போர்வையை மூடிக்கொண்டு, வியர்வை கொட்டக் கொட்டப் போனில் பாடிப் போடுவான்.

அவனுக்கு மூச்சு பெரிது. இப்போது நிறைய பேர் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள், அவன் மட்டும் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து மூச்சடக்கியே முங்குவான். பாடும்போதும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் இழுப்பானே ஒரு இழுப்பு, ஹெட்போனில் கேட்டால் தோளுக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சாக வெட்டி எடுப்பேன். வெட்டியதைப் பழைய ஃபைலின் மேலேயே சேமித்துவிடுவேன். இரண்டையும் வைத்தால் செல்வம் குழப்பிக்கொள்வான், இலவச ஃபோல்டரில் இடமும் கிடையாது. ஆன்றோவும் அனுப்பிய கையோடு தன் போனில் அழித்துவிடுவான்.

கடைசிப் பாட்டுக்கு அவன் என்னிடம் சண்டைக்கே வந்தான்.

“ஏலே, எதுக்குல என் மூச்சைப் பூரா வெட்டிப் போடுத? கேட்டா வேற எவனோ பாடுத மாதிரில்லா இருக்கு.”

“ஊருக்குப் பாட்டுதாம்லே வேணும். உன் மூச்சைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகுது?” என்றேன்.

இதுதான் நான் சொன்னது. வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் ஒன்றும் அனுப்பவில்லை, நானும் வீம்புக்குப் போன் செய்யவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் கடலுக்குப் போனவன், முங்கினவன் ஏறவில்லை. கூட இருந்தவர்கள் இறங்கித்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவன் மனைவி மெர்சிக்கு எல்லாப் பாட்டையும் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு. இரண்டு பாட்டுக் கேட்டாள், நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணே, குரல் அவியளுதுதான். மூச்சு எங்கண்ணே? ராத்திரி பக்கத்துல அந்த மூச்சைக் கேட்டுக்கிட்டுதான் நான் தூங்குவேன். வெட்டாதது ஒண்ணாவது இருக்குமா?”

“தேடிப் பாக்குதேன்மா” என்றேன். பொய். ஒன்றுகூட இல்லை என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். இருந்தாலும் தேடினேன். ஃபோல்டரின் குப்பைத் தொட்டி, பழைய மெயில், செல்வத்தின் கடைக் கம்ப்யூட்டர், எதிலும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில். கீழே குக்கர் விசில் அடிக்கிறது, பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. பேய் வருகிற நேரமா அது, நீங்களே சொல்லுங்கள். அந்தக் கடைசிப் பாட்டைத் திறந்து அவன் குரலை மட்டும் ஓடவிட்டேன்.

முதல் வரிக்கு முன்னால் மூச்சு இழுத்தான்.

கை தானாக நிறுத்திவிட்டது. திரும்ப ஓடவிட்டேன், திரும்பவும் இழுத்தான். வரிக்கு வரி, நான் வெட்டிய இடத்தில் எல்லாம் அதே மூச்சு. நம்பினால் நம்புங்கள், திரையில் அந்த இடங்கள் நேர்கோடாக, வெறுமையாகக் கிடக்கின்றன. ஒரு பொட்டுச் சத்தம் இருந்தாலும் கோடு எழும்ப வேண்டும். ஹெட்போனை மாற்றினேன், வயரைப் பிடுங்கிச் சொருகினேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். மூச்சு போகவில்லை.

எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று செல்வத்தைக் கூப்பிட்டு, விஷயம் எதுவும் சொல்லாமல், “கடைசிப் பாட்டை ஒருக்கா கேளு” என்று மட்டும் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அவனே கூப்பிட்டான்.

“மூச்சைத் திரும்ப எங்கன இருந்துல எடுத்துச் சேத்த? நல்லா இருக்குலே. முன்னமே இப்படி விட்டிருக்கலாம்லா.”

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டு வேம்பாருக்குப் போனேன். என் போனில் பாட்டைப் போட்டேன். இயர்போனில் ஒரு பக்கத்தை மெர்சி மாட்டிக்கொண்டாள், மறு பக்கத்தை நான் என் காதில் வைத்துக்கொண்டேன். அவள் அழவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் லேசாகத் தலையை ஆட்டினாள்.

கடைசி வரி முடிந்தது. எனக்குத் தெரிந்து அந்தப் பாட்டு அங்கே முடிந்துவிடும். கொஞ்சம் விட்டு இன்னொரு மூச்சு வந்தது. நீளமாக, அடி வயிற்றிலிருந்து இழுக்கிற மூச்சு. அதை நான் வெட்டியதே இல்லை, அப்படி ஒன்றை அவன் அனுப்பியதும் இல்லை.

மெர்சி என் கையைப் பிடித்தாள். “இது பாடுததுக்கு இழுக்குத மூச்சு இல்லண்ணே. முங்குததுக்கு. வீட்டுல படுத்துக்கிட்டே இப்படி இழுத்து அடக்கிப் பழகுவாவ, நாந்தான் எண்ணுவேன்.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு என்று மெதுவாக. பாட்டு நின்று போன் திரை இருட்டான பிறகும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த ஃபைலை நான் அப்புறம் தொடவில்லை, செல்வத்தையும் தொடவிடவில்லை. எப்போதாவது கேட்பேன். கடைசி மூச்சு வந்ததும் என்னை அறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், அவன் விடட்டும் என்று காத்துக்கொண்டு. முடியாமல் நான்தான் முதலில் விடுகிறேன். அவன் இதுவரை விடவில்லை.